ஒலுவில் முதல் பதுளை வரை: இளம் பல்கலைக்கழகங்களும் மலையகத்தின் கோரிக்கையும்

(பிலிமத்தலாவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்று சொல்லி அழைத்திருக்கிறீர்கள். அறக்கட்டளை என்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. இங்கிருந்து சிறிது தூரத்தில் உள்ள லங்காதிலக விகாரை, நான்காம் புவனேகபாகு காலத்தில், 1344இல், சேனாலங்காதிகார என்ற அமைச்சரின் முயற்சியால் எழுந்தது. கட்டியவர் ஸ்தபதி ராயர் என்ற தென்னிந்தியச் சிற்பி. அங்கே பாறையில் வெட்டிய சாசனம் சிங்களத்திலும் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. விகாரைக்கு விட்ட கொடையைப் பற்றிய அந்தச் சாசனத்தைப் பார்த்துவரும் நண்பர்கள் சிற்பத்தின் அழகைத்தான் பேசுவார்கள். எனக்கு அதில் பிடித்தது கணக்கு. ஒரு நிறுவனம் நிலைக்கவேண்டுமானால் யார் என்ன கொடுத்தார்கள், அது யாருக்குச் சேரும் என்பதை, சம்பந்தப்பட்டவர்கள் வாசிக்கக்கூடிய மொழியில் எழுதி வைக்கவேண்டும் என்று 14ஆம் நூற்றாண்டில் இந்த மலைகளில் தெரிந்திருக்கிறது.

இன்று பேச எடுத்துக்கொண்ட விடயத்துக்கும் அதே கேள்வியைத்தான் கேட்கப் போகிறேன். மலையகத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை தேர்தல் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கிறது. கேட்பது நியாயம், எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எப்படிப்பட்ட பல்கலைக்கழகத்தைக் கேட்கிறோம் என்பது பற்றி அதே மேடைகளில் ஒரு வரி பேசக் கேட்டதில்லை. கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்த நாட்டில் தலைநகரத்துக்கு வெளியே முளைத்த பல்கலைக்கழகங்கள் எப்படி வளர்ந்தன, யாருக்காக வளர்ந்தன என்று பார்த்துவிட்டுக் கேட்டால் கோரிக்கை கொஞ்சம் கூர்மையாகும் என்று நினைக்கிறேன்.

பிலிமத்தலாவையில் நின்று பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசுபவன் பேராதனையைத் தாண்டிப் போகமுடியாது. இலங்கைக்குப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று பொன்னம்பலம் அருணாசலம் முதலானோர் சங்கம் அமைத்தது 1906இல். கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்தது 1921இல். அங்கே படித்தவர்கள் எழுதியது லண்டன் பரீட்சை. இலங்கைப் பல்கலைக்கழகம் சட்டமானது 1942இல். பேராதனைக்கு முழுமையாகக் குடிவந்தது 1952இல். அதாவது கேட்ட நாளிலிருந்து வந்த நாள்வரை நாற்பத்தாறு ஆண்டுகள். இடையில் பல ஆண்டுகளை விழுங்கியது ஒரே சண்டை: எங்கே கட்டுவது? கொழும்பிலா, கண்டிப் பக்கத்திலா? சட்டசபையில் வாதம், பத்திரிகையில் வாதம். டி. ஆர். விஜேவர்தன தம் பத்திரிகைகளைக் கொண்டு கண்டிக்காகப் போராடினார். கடைசியில் கண்டிப் பக்கம் வென்றது. பட்ரிக் அபர்குரொம்பி என்ற புகழ்பெற்ற ஆங்கிலேய நகரத் திட்டமிடலாளர் வரைபடம் போட்டார். ஐவர் ஜெனிங்ஸ் முதல் துணைவேந்தராக இருந்து அதைக் கட்டிடமாக்கினார். 1954 ஏப்ரலில் எலிசபெத் மகாராணி முன்னிலையில் எடின்பரோ கோமகன் திறந்து வைத்தார்.

அந்த நீண்ட வாதத்தில் கண்டிக்காகப் பேசியவர்கள் சொன்ன காரணங்களைக் கவனியுங்கள். நகர இரைச்சல் இல்லாத இடம், மாணவர் விடுதியிலேயே தங்கிப் படிக்கும் சூழல், மலை, ஆறு, நல்ல காற்று. கண்டிப் பகுதியில் வாழ்பவர்களுக்கு ஒரு பல்கலைக்கழகம் தேவை என்பது வாதத்தின் மையத்தில் இருக்கவில்லை. இடம் அழகானது என்பதால் தேர்ந்தார்கள். இடத்தில் இருந்தவர்கள் கணக்கில் வரவில்லை. மலையகத் தமிழரைப் பொறுத்தவரை இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டே, 1949இல், பல்கலைக்கழகத்தின் முதல் பிரிவுகள் பேராதனைக்கு வந்து சேர்ந்தன. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. ஓர் ஆசிரியர், ஓர் அறை, ஐந்தாம் வகுப்போடு முடிவு. அரசு அவற்றைப் பொறுப்பேற்றது 1970களில்தான். ஆகவே மலையின் இந்தப் பக்கம் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தவர்களின் பிள்ளைகளுக்கு மலையின் அந்தப் பக்கம் இருந்த பல்கலைக்கழகம் ஒரு தலைமுறைக்கும் மேலாக வெறும் காட்சிதான். அருணாசலம் பெயரிலும் இராமநாதன் பெயரிலும் அங்கே விடுதிகள் உண்டு. அவற்றில் தங்கிப் படித்த தோட்டத்துப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே.

பேராதனையை நான் குறை சொல்லவில்லை. கணபதிப்பிள்ளை, செல்வநாயகம், வித்தியானந்தன், கைலாசபதி என்று ஒரு பெரிய தமிழ்ப் புலமை மரபு அங்கே வளர்ந்தது. இன்று அதன் பீடங்களில் மலையகப் பிள்ளைகள் படிக்கிறார்கள், படிப்பிக்கவும் செய்கிறார்கள். நான் சொல்வது வேறு. பல்கலைக்கழகம் பக்கத்தில் இருப்பதால் மட்டும் அது பக்கத்தில் உள்ளவர்களுக்குக் கிடைத்துவிடாது. இதை அறிய நாம் எங்கும் போகவேண்டியதில்லை, ஐந்தாறு கிலோமீட்டர் போனால் போதும்.

இரண்டாவது அலை 1970களில் தொடங்குகிறது. யாழ்ப்பாண வளாகம் 1974 அக்டோபரில் திறந்தது. முதல் தலைவர் கைலாசபதி. கட்டிடம் புதிதல்ல, இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவு. கிழக்கில் 1981 ஆகஸ்டில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தாறுமூலையில் ஒரு பாடசாலை வளவில் தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. இவை இரண்டும் போரின் நடுவே வளர்ந்தவை. 1990இல் வந்தாறுமூலை வளாகம் ஆயிரக்கணக்கான அகதிகளின் முகாமாக இருந்தது. செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டு, திரும்பவில்லை. 2006 டிசம்பரில் அதன் துணைவேந்தர் பேராசிரியர் ரவீந்திரநாத் கொழும்பில் வைத்துக் காணாமற்போனார். ஒரு பல்கலைக்கழகத்தின் வளர்ச்சியைப் பட்டம் பெற்றோர் தொகையால் மட்டும் அளப்பவர்கள் வந்தாறுமூலையின் வரலாற்றை ஒருமுறை வாசிக்கவேண்டும். அந்த இடத்தில் கதவைத் திறந்து வைத்திருந்ததே சாதனை.

எனக்கு அதிகம் பேசத் தோன்றுவது கிழக்குக் கரையில் உள்ள ஒலுவிலைப் பற்றி. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு, கிழக்கிலும் அவர்கள் மீது வன்முறை நடந்த பிறகு, முஸ்லிம் மாணவர்கள் யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் படிப்பைத் தொடர முடியாமல் போனது. படிப்பு நின்றுபோன பிள்ளைகளை என்ன செய்வது என்ற மிக நடைமுறையான கேள்விக்குப் பதிலாகத்தான் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பிறந்தது. எம். எச். எம். அஷ்ரப் அன்று அமைச்சர். சந்திரிகா அரசு அவருடைய கட்சியின் ஆதரவில் தங்கியிருந்தது. 1995 அக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கினார்கள், 1996 மே மாதத்தில் அது முழுப் பல்கலைக்கழகம். ஏழு மாதம்! பேராதனைக்கு நாற்பத்தாறு ஆண்டு என்று சற்றுமுன் சொன்னேன். வகுப்புகள் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் நடந்தன. பிறகு ஒலுவிலுக்குப் போனார்கள். குவைத் நிதி வந்து கட்டிடங்கள் எழுந்தன. பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் அமைந்தது. இஸ்லாமியக் கற்கைகள், அறபு மொழி என்று தனிப் பீடம் வந்தது. பின்னாளில் பொறியியல் பீடமும் சேர்ந்தது.

ஒலுவில் வேகமாக வேரூன்றியதற்கு அரசியல் பலம் ஒரு காரணம், மறுக்கமுடியாது. இன்னொரு காரணத்தைக் குறைவாகவே பேசுகிறார்கள். அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை என்று அந்தக் கரையோரம் முழுவதும் ஆசிரியர்களால் நிறைந்தது. பாடசாலைகள் நன்றாக இருந்தன, உயர்தர வகுப்புகள் இருந்தன, பல்கலைக்கழகத்துக்குப் போன முன்தலைமுறை ஒன்று வீட்டிலேயே இருந்தது. வேறு இடங்களில் விரிவுரையாளராக இருந்தவர்கள் ஊர் திரும்ப ஆயத்தமாக இருந்தார்கள். எந்த இளம் பல்கலைக்கழகத்தையும் முதல் பத்து ஆண்டுகளில் கொல்வது பணப்பற்றாக்குறை அல்ல, திங்கள் வந்து வெள்ளி போகும் விரிவுரையாளர்கள். ஒலுவிலில் பலருக்கு வீடு அங்கேயே இருந்தது. இந்த இரண்டாவது காரணம் மலையகத்துக்கு மிக முக்கியமானது. சற்றுப் பொறுத்துத் திரும்ப வருகிறேன்.

இப்போது பொல்கொல்லை. கண்டிக்காரர்களிலேயே பலருக்கு இது மறந்துபோய்விட்டது. 1990களின் தொடக்கத்தில் மாகாணங்களுக்கு இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரிகள் என்று அமைத்தார்கள். மத்திய மாகாணத்துக்குரியது பொல்கொல்லையில் இருந்தது. 1995, 1996 வாக்கில் இந்தக் கல்லூரிகளைச் சேர்த்துப் பிரித்துப் புதிய பல்கலைக்கழகங்கள் ஆக்கியபோது, பொல்கொல்லைக் கல்லூரி ரஜரட்ட பல்கலைக்கழகத்துக்குள் போனது. ரஜரட்டவின் தலைமையகம் மிகிந்தலை. சப்ரகமுவ மாகாணத்துக்கு சப்ரகமுவ பல்கலைக்கழகம் கிடைத்தது. அது சமனலவெவ நீர்மின் திட்டத்தில் வேலை செய்தவர்களுக்காகக் கட்டிய குடியிருப்பில், பெலிஹுல்ஓயாவில், அமர்ந்தது. வடமேல் மாகாணத்துக்கு 1999இல் வயம்ப கிடைத்தது. ஊவாவுக்கு 2005இல் ஊவா வெல்லஸ்ஸ. மத்திய மாகாணத்துக்குப் பேராதனை இருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை, யாரும் கொடுக்கவுமில்லை. நுவரெலியா மாவட்டத்தில் இன்றுவரை ஒரு பல்கலைக்கழகத்தின் தலைமையகம் இல்லை. பேராதனையின் நிழல் அவ்வளவு நீளம்.

வவுனியாவை ஒரு வரியில் சொல்லிக் கடக்கலாம், ஆனால் அந்த வரியை மறக்கவேண்டாம்: 1991இல் இணைந்த கல்லூரி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகம், 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகம். முப்பது ஆண்டுகள், மூன்று படிகள்.

ஊவா வெல்லஸ்ஸவைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோசமும் ஏக்கமும் சேர்ந்தே வரும். பதுளை பசறை வீதியில் இருக்கிறது. மற்றப் பல்கலைக்கழகங்களைப் போல கலைப் பீடம் முதலான பழைய பட்டியலோடு தொடங்கவில்லை. நாட்டின் மூலப்பொருட்களுக்குப் பெறுமதி சேர்ப்பது எப்படி என்ற ஒரே கேள்வியைச் சுற்றிப் பாடத்திட்டம் போட்டார்கள். தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்த்தலும் என்று பட்டக் கற்கைநெறி வைத்தார்கள். ஏற்றுமதி விவசாயம், கனிய வளம், விருந்தோம்பல், சுற்றுலா என்று மற்றவையும் அதே திசையில். கற்பிப்பது ஆங்கிலத்தில். சுற்றிவரத் தேயிலை, ஜூலை, ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களின் காற்றில் ஊவாத் தேயிலைக்கு வரும் வாசத்துக்கு உலகச் சந்தையில் தனி விலை உண்டு. ஒரு பல்கலைக்கழகம் தன் நிலத்தைப் பார்த்துப் பாடத்தை வகுத்தது இந்த நாட்டில் அரிது. அந்த வகையில் அதை மெச்சுகிறேன்.

ஏக்கம் எங்கே வருகிறது? அந்தத் தேயிலைக் கற்கைநெறிக்குச் சேர உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் படித்து, போதிய இசட் புள்ளி எடுத்திருக்கவேண்டும். பசறையிலும் ஹாலிஎலவிலும் ஹல்துமுல்லவிலும் தோட்டத்துப் பாடசாலைகளில் தமிழில் விஞ்ஞானப் பிரிவு நடத்தும் இடங்கள் எத்தனை, அங்கே பௌதிகவியலுக்கு ஆசிரியர் இருக்கிறாரா, ஆய்வுகூடத்தில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆக, நான்கு தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பத்தின் பிள்ளை தேயிலையில் பட்டம் பெறுவதற்கு இடையில் நிற்பது பல்கலைக்கழகம் இல்லாமை அல்ல. பல்கலைக்கழகம் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது.

இங்கே நம் நாட்டு அனுமதி முறையை விளங்கிக்கொள்ளவேண்டும்; இது தெரியாமல் பல்கலைக்கழகம் கேட்பது வீண். எந்த அரசுப் பல்கலைக்கழகமும் தன் உள்வாரி மாணவர்களைத் தானே தெரிவுசெய்வதில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நாடு முழுவதற்கும் ஒரே பட்டியலில் தெரிவுசெய்து அனுப்புகிறது. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகைக்கு ஏற்ப, மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களுக்கு. இந்த ஏற்பாட்டின் பூர்வீகம் தமிழ் மாணவர்களின் அனுமதியைப் பாதித்த 1970களின் தரப்படுத்தல். அந்தக் காயத்தை இங்கே கிளற வரவில்லை. எனக்கு வேண்டியது இரண்டு விளைவுகள்.

முதலாவது: பதுளையில் பல்கலைக்கழகம் இருப்பதால் பதுளைப் பிள்ளைக்கு அங்கே ஓர் இடம்கூட அதிகம் கிடையாது. ஒலுவிலில் இன்று சிங்கள மாணவர்கள் பெருமளவில் படிக்கிறார்கள். அது நல்லது, நாடு அப்படித்தான் கலக்கவேண்டும். ஆனால் எந்தப் பிள்ளைகளுக்காக என்று சொல்லித் தொடங்கினார்களோ அவர்களுக்கென்று அங்கே ஒதுக்கீடு இல்லை. நாளைக்கு ஹட்டனில் ஒரு பல்கலைக்கழகம் கட்டினாலும் அதன் முதல் வகுப்பில் ஹட்டன் தோட்டத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் இருப்பார்கள் என்று யாராலும் உத்தரவாதம் தரமுடியாது.

இரண்டாவது, கண்டியில் இருப்பவர்களுக்கு நேரடியாக வலிப்பது. அந்த 16 மாவட்டங்களில் நுவரெலியா உண்டு, பதுளை உண்டு, இரத்தினபுரி உண்டு, மொனராகலை உண்டு. கண்டி இல்லை. மாத்தளை இல்லை. கேகாலை இல்லை. தெல்தோட்டையில், கலஹாவில், றங்கலையில் லயத்தில் பிறந்த பிள்ளை கண்டி மாவட்டப் பிள்ளை. அது மாவட்ட ஒதுக்கீட்டில் போட்டி போடுவது திரித்துவக் கல்லூரியோடு, தர்மராஜவோடு, மகாமாயாவோடு, பெண்கள் உயர்தரப் பாடசாலையோடு. அதே கஷ்டத்தில், அதே கம்பனியின் தோட்டத்தில், மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்திருந்தால் பின்தங்கிய மாவட்டச் சலுகை கிடைத்திருக்கும். புசல்லாவைப் பக்கம் போனால் எல்லை ஒரு மலைச்சரிவில் ஓடுகிறது; சரிவின் எந்தப் பக்கத்துப் பாடசாலை என்பதே ஒருவனின் வெட்டுப்புள்ளி. மலையகப் பல்கலைக்கழகம் கேட்டு ஊர்வலம் போகிறவர்கள் இந்த எல்லையைப் பற்றி ஒரு மனுவாவது எழுதியிருக்கலாம். பின்தங்கியமையை மாவட்டத்தால் அளக்காமல் கல்வி வலயத்தால், இன்னும் சரியாகச் சொன்னால் பாடசாலையால் அளக்கவேண்டும் என்று கேட்பதற்குக் காணி வேண்டியதில்லை, கட்டிடம் வேண்டியதில்லை.

நாட்டுக்கு வெளியே எப்படி என்று கொஞ்சம் பார்ப்போம். இங்கிலாந்தின் கிழக்கில் லிங்கன் என்று ஒரு நகரம். பதினோராம் நூற்றாண்டில் தொடங்கிய பெரிய தேவாலயம் அங்கே உண்டு. பல்கலைக்கழகம் மட்டும் 1996 வரை கிடையாது. ஹம்பர் ஆற்றுக்கு அப்பால், ஹல் நகரத்தில் இருந்த ஒரு பல்கலைக்கழகம் லிங்கனில் ஒரு வளாகம் அமைத்தது. அந்தத் தாய்ப் பல்கலைக்கழகமே 1992க்கு முன் பொலிடெக்னிக்காக இருந்த நிறுவனம்தான். லிங்கனில் கிடைத்த இடம் நகர நடுவில், நீர்நிலையின் ஓரம், பழைய ரயில் நிலம். ஐந்து ஆண்டுகளில், 2001இல், கிளை தாய்மரத்தை விஞ்சியது: தலைமையகம் லிங்கனுக்கு மாறியது, பெயரும் லிங்கன் பல்கலைக்கழகம் ஆனது. ஊரில் சீமென்ஸ் கம்பனியின் எரிவாயுச் சுழலி ஆலை ஒன்று இருந்தது. அந்தக் கம்பனியோடு சேர்ந்து பொறியியல் துறையைத் தொடங்கினார்கள். சுற்றுவட்டாரத்துக்கு வைத்தியர்கள் வந்து நிலைக்கிறார்கள் இல்லை என்ற குறை நீண்டகாலம் இருந்தது. 2019இல் நொட்டிங்கம் பல்கலைக்கழகத்தின் துணையோடு ஒரு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். அங்கே படித்தவர் அங்கேயே தங்குவார் என்ற நம்பிக்கை.

இதைக் கேட்டு வாய்பிளக்கவேண்டாம். அங்கே மாணவர் கட்டணம் கட்டுகிறார். 2012இல் அது ஆண்டுக்கு 9,000 பவுண் வரை உயர்ந்தது. பல்கலைக்கழகம் தன் மாணவரைத் தானே தேடிப் பிடிக்கிறது, பிடிக்க முடியாவிட்டால் துறையை மூடுகிறது. நமக்கு அந்த வழி வேண்டாம். இலவசக் கல்வியைக் கைவிட்டு எந்த மலையகப் பிள்ளையும் மேலே வரமுடியாது. நான் காட்ட விரும்பியது ஒன்றைத்தான். லிங்கன் தன் ஊரின் ஆலையையும் ஆஸ்பத்திரியையும் பார்த்துத் தன் துறைகளைத் தீர்மானிக்க முடிந்தது. நம் மாகாணப் பல்கலைக்கழகத்துக்கு மாணவரை ஆணைக்குழு அனுப்புகிறது, பணத்தைத் திறைசேரி அனுப்புகிறது, புதிய கற்கைநெறிக்கு அனுமதியும் கொழும்பிலிருந்தே வரவேண்டும். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு விதைத் தேயிலைக்கும் வி.பி. தேயிலைக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். வி.பி. கன்றுகள் ஒரே தாய்ச்செடியின் தண்டிலிருந்து வெட்டி வளர்த்தவை. ஒரே சீராக வரும், நல்ல விளைச்சல் தரும், ஆனால் ஆணிவேர் கிடையாது. 1995க்குப் பின் நட்ட நம் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் வி.பி. கன்றுகள்.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்குள்ளும் ஊருக்கு ஒரு கதவு உண்டு. 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பல்கலைக்கழகப் பேரவையிலும் உள்ளிருந்து வருபவர்களைவிட வெளியிலிருந்து ஆணைக்குழு நியமிப்பவர்கள் ஒருவர் கூடுதலாக இருக்கவேண்டும். வெளியார் என்றால் யார்? நடைமுறையில் ஓய்வுபெற்ற அதிகாரிகள், கணக்காளர்கள், சட்டத்தரணிகள், ஆட்சியில் இருப்போருக்கு நெருக்கமானவர்கள். ஒரு தோட்டப் பாடசாலை அதிபர் அங்கே ஏன் இருக்கக்கூடாது? பதுளையில், பெலிஹுல்ஓயாவில், பேராதனையில் இருக்கும் பேரவைகளில் மலையகத்திலிருந்து யார் இருக்கிறார்கள் என்று நம் பிரதிநிதிகளிடம் கேளுங்கள். நியமனக் காலம் மூன்று ஆண்டுதான். பட்டியல் அடிக்கடி மாறுகிறது.

இந்த ஊரிலேயே வேறு மாதிரியான உயர்கல்வி நிறுவனம் ஒன்று இருப்பதைச் சொல்லாமல் போகக்கூடாது. இலங்கை இறையியல் கல்லூரி 1963இல் இங்கே தொடங்கியது. அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்திஸ்த முதலான திருச்சபைகள் சேர்ந்து, தம் போதகர்களை இந்தியாவுக்கு அனுப்பாமல் இங்கேயே சிங்களத்திலும் தமிழிலும் பயிற்றுவிக்க அமைத்தது. பட்டம் வருவது வங்காளத்தின் செராம்பூர் கல்லூரியிலிருந்து. 1827இல் டென்மார்க் மன்னர் கொடுத்த பட்டயத்தின் பலத்தில். நான் அந்த மதத்தவன் அல்ல. ஆனால் நிறுவன வரலாறு படிப்பவனுக்கு அதில் ஒரு பாடம் கிடைக்கிறது. மாணவரை அனுப்புகிறவர் யார் என்று அந்தக் கல்லூரிக்குத் தெரியும், படித்து முடித்தவர் எங்கே திரும்பிப் போவார் என்றும் தெரியும். மிகச் சிறிய கல்லூரி, பெரிய அரசியல் பின்பலமும் இல்லை, அறுபது ஆண்டுகளாக இரண்டு மொழியிலும் நடக்கிறது.

பத்தனையில் உள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இதற்கு இன்னொரு சாட்சி. ஜெர்மன் உதவியோடு 1990களின் தொடக்கத்தில், தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியரை உருவாக்கும் நோக்கத்தில் வந்தது. அங்கே எத்தனை இடம் தோட்டப்பகுதிப் பிள்ளைகளுக்கு என்ற வாதம் பிறகு வருடக்கணக்காக நடந்தது. ஆனாலும் மலையகப் பாடசாலைகளில் இன்று நிற்கும் பயிற்றப்பட்ட ஆசிரியர்களில் ஒரு பெரிய கூட்டம் அங்கிருந்து வந்தது. பிறகு அவர்களில் பலர் வேலை பார்த்துக்கொண்டே திறந்த பல்கலைக்கழகத்திலும் பேராதனையின் வெளிவாரிப் படிப்பிலும் பட்டம் முடித்தார்கள். சனிக்கிழமை காலையில் தோட்டத்திலிருந்து புறப்பட்டு வகுப்புக்குப் போய் இரவு திரும்பிய ஆசிரியைகள்தான் மலையகத்தின் உண்மையான முதல் பல்கலைக்கழகத் தலைமுறை. ஒலுவிலுக்குப் பின்னால் நின்ற ஆசிரியர் சமூகம் என்று சொன்னேனே, அது இங்கே இப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கிறது. ஒரு நிறுவனத்துக்கு விரிவுரையாளரும் நூலகரும் பதிவாளரும் ஊரிலேயே கிடைக்க இன்னும் கொஞ்சக் காலம் வேண்டும்.

ஆகவே என் கருத்து இது. உங்களில் சிலருக்குப் பிடிக்காது. மலையகம் இன்று கேட்கவேண்டியது வர்த்தமானியில் ஒரு புதுப்பெயர் அல்ல. வவுனியா போன வழி. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்று நுவரெலியா மாவட்டத்தில். பேராதனையின் விவசாய பீடம், பொறியியல் பீடம், மருத்துவ பீடம் ஆகியவற்றின் ஆசிரியர்களும் ஆய்வுகூடங்களும் முதல் இருபது ஆண்டுகளுக்கு அதைத் தாங்கட்டும். தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1925இல் தொடங்கிய அமைப்பு அது. இலங்கைத் தேயிலை பற்றிய அறிவின் பெரும்பகுதி அங்கே குவிந்து கிடக்கிறது. சுற்றியுள்ள லயங்களிலிருந்து அங்கே ஆய்வாளராகப் போனவர் எத்தனை பேர்? வளாகத்தின் முதல் கூட்டாளி அந்த நிலையமாக இருக்கவேண்டும்.

பாடங்களையும் நிலத்தைப் பார்த்து வகுக்கலாம். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அபாயம் பற்றி முன்பே எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை கடிதமாக இருந்தது, குடிபெயர்வதற்கு வேறு வீடு இருக்கவில்லை. மண்சரிவைப் படிப்பது புவியியல் மட்டுமல்ல, வீட்டுரிமை, காணிச் சட்டம், நிர்வாக மொழி எல்லாம் சேர்ந்த படிப்பு. இவை எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் படிப்பிக்கும் இடம் இலங்கையில் ஒன்று இருக்கவேண்டுமானால் அது இந்த மலைகளில்தான் இருக்கவேண்டும். பெருந்தோட்டத் தொழிலாளர் வரலாறும் அப்படியே. தோட்டங்களின் செக்ரோல் என்ற வேலைநாள் ஏடுகளும் பதிவேடுகளும் கரையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. அவற்றைச் சேர்த்து வைக்க ஓர் ஆவணக் காப்பகம், வாசிக்கத் தெரிந்த ஒரு வரலாற்றுத் துறை.

வளாகத்துக்கும் அனுமதி முறை அதேதான் என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். அதனால்தான் முதலில் உயர்தர விஞ்ஞான வகுப்புகளைச் சொல்கிறேன். வளாகம் வர எப்படியும் பத்து ஆண்டு ஆகும். இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அதற்குள் உயர்தரம் எழுதி முடித்திருக்கும்.

இந்த இடத்தில் அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு நடத்தி, அதைப் புத்தகமாகவும் அச்சிடுகிறீர்கள். அடுத்த ஆண்டு பேச்சாளரை விட்டுவிடுங்கள். அந்தச் செலவில் கண்டி மாவட்டத்துத் தமிழ்மொழிப் பாடசாலைகள் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக எடுங்கள்: எதில் உயர்தர உயிரியல் உண்டு, எதில் இணைந்த கணிதம் உண்டு, ஆசிரியர் நிரந்தரமா, தொண்டரா, எந்தத் தோட்டத்திலிருந்து அந்தப் பாடசாலைக்குக் காலை முதல் பஸ் எத்தனை மணிக்கு. இங்கே வந்திருக்கும் மாணவர்களே வீடு வீடாகப் போய் எடுத்துத் தருவார்கள். மானியங்கள் ஆணைக்குழுவுக்கு ஒரு பிரதி, மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு ஒரு பிரதி, கண்டி மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி, தமிழிலும் சிங்களத்திலும். தொகுத்துச் சரிபார்க்கும் வேலைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.